கருவுறுமுன் வேண்டும் காப்பு

(வெள்ளி விழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் பேச வருவோர் கல்வியைப் பற்றியே பேசுவர். இரவுப் பள்ளி எவ்வாறு தொடங்கியது, விடுதிக்கு இடம் எப்படிக் கிடைத்தது, முதற் பட்டதாரியை நாம் எவ்வாறு ஊர்வலமாக அழைத்து வந்தோம் என்பனவற்றையெல்லாம் நமக்கு முன் பேசியோர் அழகுறக் கூறிவிட்டனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு மாத்திரை. "மாத்திரையைப் பற்றி மருத்துவமனையில் பேசினால் போதாதா? கல்விக் கழகத்து மேடை எதற்கு?" என்று விழாக் குழுவிலேயே நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டது முறையே. ஆனால் இம்மாத்திரை, பெண் மருத்துவமனைக்குப் போவதற்கு முன்னரே விழுங்கப்பட வேண்டிய ஒன்று. அவள் கருவுற்று மருத்துவமனைப் படியை மிதிக்கும் நாளில், அதன் முதற்பெரும் பயனைப் பெறுவதற்குரிய காலம் கடந்துவிட்டிருக்கும். ஆகவே இதனைச் சொல்ல வேண்டிய இடம், திருமணத்திற்குக் காத்திருக்கும் ஆணும் பெண்ணும், அவர்களைப் பெற்றோரும் ஒருங்கே அமர்ந்திருக்கும் இம்மன்றமே.

மாத்திரையின் பெயர் ஃபோலிக் அமிலம். அமிலம் என்றதும் அஞ்ச வேண்டா. அது பி வகை வைட்டமின்களுள் ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருவில் நடந்ததைக் கூறுகிறோம். பெயர் வேண்டா. நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்று வாழும் குடும்பம். முதற்குழந்தை நலமாகப் பிறந்தது. இரண்டாவது குழந்தை பிறந்தபோது, முதுகின் கீழ்ப்பகுதியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. அதன்மேல் தோல் முழுதும் மூடவில்லை. கால்கள் அசையவில்லை. பெரிய மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று அறுவை செய்தனர். புண் ஆறிற்று, கால் வரவில்லை. தலையில் நீர் கோத்துக்கொண்டதால் மற்றோர் அறுவையும் வேண்டியதாயிற்று. சிறுநீர் பிரிவதும் அக்குழந்தையின் கட்டுப்பாட்டில் இல்லை. ஏழு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தத் தாய் பேருந்துக்குக் காத்து நிற்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். கூலிக்குப் போகும் நாள் குறைந்தது, கடன் ஏறிற்று. இவை எல்லாவற்றையும் அவள் பொறுத்தாள். கிரகணத்தன்று அவள் காய் நறுக்கியதால்தான் பிள்ளைக்கு முதுகு பிளந்தது என்று புகுந்த வீட்டார் சொன்ன சொல்லைத்தான் அவளால் பொறுக்க இயலவில்லை. "அந்த மூணு மாசமும் நான் என்ன தப்பு பண்ணேன்? படிச்சவங்கதானே, நீங்க சொல்லுங்க" என்று நம்மிடமே கேட்டாள்.

நமக்கு விடை தெரியவில்லை. வீட்டுச் சுவரில் பட்டச் சான்றுகள் தொங்கின. விடை மட்டும் இல்லை. பின்னர் மருத்துவரை நாடிக் கேட்டதும், நூல்களைப் புரட்டியதும் அக்கேள்வியின் பொருட்டே. இன்று இம்மேடையில் நிற்பதும் அதன் பொருட்டே.

தாயின் வயிற்றில் கரு உருவானபின், அதன் முதுகுப்புறத்தில் முதலில் தட்டையான ஒரு தகடு தோன்றுகிறது. அத்தகட்டின் இரு ஓரங்களும் மெல்ல எழும்பி, பாயைச் சுருட்டும்போது இரு விளிம்புகளும் ஒன்றையொன்று தொடுவதைப் போல, நடுவே வந்து சேர்ந்து ஒரு குழலாகின்றன. இதனை நரம்புக் குழல் என்பர். அதன் மேற்பகுதியே மூளையாகிறது. எஞ்சிய பகுதி தண்டுவடமாகிறது. மேல்முனை மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் உருவாகா, அக்குழந்தை பிழைப்பதில்லை. கீழே மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவு. நம் தெருக் குழந்தைக்கு நேர்ந்தது இதுவே. இக்குழல் முழுதும் மூடி முடிவது, கரு உருவான நாளிலிருந்து 28 நாட்களுக்குள். அப்போது கருவின் அளவு ஒரு நெல்மணிக்குக்கூட ஈடாகாது.

இந்த 28 நாள் கணக்கைத்தான் நீங்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 28 நாட்களுக்கு ஒருமுறை ஒழுங்காக விலக்காகும் பெண் ஒருத்தி சித்திரை முதல் நாள் விலக்கானாள் என்று வைத்துக்கொள்வோம். கரு உருவாவது ஏறத்தாழச் சித்திரை 15-இல். அடுத்த விலக்கு வர வேண்டிய நாள் சித்திரை 29. அது வரவில்லை. இரண்டு நாள் பார்ப்பாள். நான்கு நாள் பார்ப்பாள். வெயிலில் வேலை செய்ததால் தள்ளிப்போயிருக்கும் என்று நினைப்பாள். அதற்குள் வைகாசி 12 வந்துவிடும். நரம்புக் குழல் மூடியிருந்தால் அன்றோடு மூடியாயிற்று. மூடாவிட்டால் இனி மூடப்போவதில்லை. நாள் தள்ளிப்போய்ப் பதினான்கே நாள்! பல பெண்கள் அதுவரை கணவனிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். "மூன்று மாதம் நிறையும்வரை வெளியே சொல்லலாகாது" என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணேறு படும் என்ற அச்சம் காரணம். அந்த மூன்று மாதத்தின் கணக்கில், வேலை முடிந்துபோவது முதல் மாதத்திற்குச் சற்று அப்பாலேயே.

கருவின் உயிரணுக்கள் அந்நாட்களில் மிக விரைவாக ஒன்று இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பிரிந்து பெருகுகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளைப் புதிதாகப் படியெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. தாயின் இரத்தத்தில் அது போதிய அளவு நிறைந்திருக்க வேண்டுமாயின், ஒரு நாளில் விழுங்கி மறுநாள் நிறைவதில்லை. சில வாரங்கள் வேண்டும். எனவேதான் கருவுறுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக, கூடுமாயின் இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே தொடங்க வேண்டும் என்கின்றனர்.

இம்மாத்திரையின் வரலாற்றில் நம் மக்களுக்கும் ஓர் இடம் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் இவ்வுரை நிறைவுறாது.

ஆண்டு 1928. பம்பாய் நகரத்துப் பஞ்சாலைகளில் ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் உழைத்து வந்தனர். நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட மக்களும் அவ்வாலைகளில் இருந்தனர். அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தி முடிய வேண்டியிருந்ததால், தீட்டு என்று கூறி, கூலி மிகுந்த நெசவுப் பிரிவுக்குள் அவர்களை விடாமல் வைத்திருந்த காலம் அது. அவ்வாண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவிச் சட்ட முன்வரைவு விவாதத்திற்கு வந்தது. அதனை ஆதரித்து எழுந்தவர்களுள் ஒருவர் அண்ணல் அம்பேத்கர். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே உரியது என்பது அவர் வாதம். 1929-இல் அது சட்டமாயிற்று. பேற்றுக்கு முந்திய காலமும் பொதுநலன் என்று அன்றே அவர் கண்டார் என்பதை இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அதே 1928-இல், அதே பம்பாய்க்கு, லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் வந்து சேர்ந்தார். பஞ்சாலைப் பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தசோகையால் வெளுத்து, வீங்கி, மாண்டுபோவது ஏன் என்று கண்டறிவது அவர் பணி. அம்மையாரும் அண்ணலும் சந்தித்தனர் என்று நாம் கூற வரவில்லை. ஆனால் ஒருவர் சட்டமன்றத்திலும் மற்றவர் ஆய்வுக்கூடத்திலும் அதே ஆலைத் தாய்மாரின் வயிற்றைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தனர். வில்ஸ் அம்மையார் பெண்கள் என்ன உண்டனர் என்று வகுப்பு வகுப்பாகக் கேட்டு எழுதினார். செல்வர் வீட்டுப் பெண்களுக்கு அந்நோய் அரிது. உணவில் மிகவும் குறைபட்டிருந்த ஏழை முசுலிம் பெண்களுக்கோ அது மிகுதி. எனவே குறை உணவில் என்று தெளிந்தார். நம் நீலகிரிக் குன்னூரில் இருந்த பாஸ்டர் ஆய்வு நிலையத்திலும் அவர் ஆய்வு நடந்தது. பம்பாய் ஏழையின் உணவையே விலங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். அவ்வாறு சோகை கண்ட குரங்குக்கு, பீர் வடித்தபின் எஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யும் 'மார்மைட்' என்னும் மலிவான பசையைக் கொடுத்ததும் அது தேறிற்று. பெண்களுக்கும் கொடுத்தார், அவர்களும் தேறினர். 1931-இல் இதனை மருத்துவ உலகுக்கு அறிவித்தார். ஈஸ்டிலிருந்த அப்பொருள் எது என்று அப்போது எவர்க்கும் தெரியாது. 'வில்ஸ் காரணி' என்றே அழைத்தனர்.

அதே 1931-இன் தொடக்கத்தில் அம்மையார் நம் சென்னையிலும் பணியாற்றினார். எந்த மருத்துவமனையில் தெரியுமா? திருவல்லிக்கேணியில் இன்று அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் பெற்றிருப்பதில். அன்று அதன் பெயர் சாதி, கோஷாப் பெண்கள் மருத்துவமனை. சாதி இந்துப் பெண்களுக்கும், கோஷா அணியும் முசுலிம் பெண்களுக்கும் என்று 1885-இல் ஏற்படுத்தியது. நம் தாய்மார்க்கு அப்பெயர்ப் பலகையில் இடமில்லை. இன்று அதே வாசலில் நம் பெண்கள் தலை நிமிர்ந்து நுழைகின்றனர். நம் குழந்தைகள் அங்குப் பிறக்கின்றன. ஆனாலும் முதியவர்கள் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே சொல்வதைக் கேட்கலாம்.

1941-இல் அமெரிக்க அறிஞர்கள் பசலைக்கீரையிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு 'ஃபோலிக்' அமிலம் என்று பெயரிட்டனர். 1945-இல் அதனைச் செயற்கையாக ஆக்கிய லெடர்லி ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அதன் பின்னரே மாத்திரை மலிவாகக் கிடைக்கலாயிற்று.

இரத்தசோகைக்கு என்று கண்ட மருந்து முதுகெலும்புக்கும் காப்பு என்பது பின்னர் வந்த அறிவு. இங்கிலாந்தில் ஹிப்பர்ட், ஸ்மிதெல்ஸ் என்னும் இருவர் 1965-இலேயே ஐயுற்று எழுதினர். ஐயம் உறுதியாக 1991 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏழு நாடுகளில் 33 மையங்களில், முன்பே இத்தகைய குறையுள்ள கருவைச் சுமந்த 1817 பெண்களைக் கொண்டு ஆய்வு நடந்தது. சிலர்க்கு நாள்தோறும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம், சிலர்க்கு இல்லை. அவ்வாய்வில் மீண்டும் குறையோடு அமைந்த கருக்கள் 27. அவற்றுள் ஃபோலிக் அமிலம் உண்டவர்க்கு 6, உண்ணாதவர்க்கு 21. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் காக்க முடியும் என்று தெளிந்ததும், மற்றவர்க்குக் கொடுக்காமல் வைத்திருப்பது அறமன்று என்று ஆய்வை முன்னதாகவே நிறுத்திவிட்டனர். முன்பு குறை காணாத பெண்களுக்கும் பயன் உண்டா என்ற கேள்விக்கு 1992-இல் அங்கேரி நாட்டு ஆய்வு விடையளித்தது. பின்னர்ச் சீனாவில், ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பெண்களிடையே, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் மட்டுமே கொடுத்துப் பார்த்தனர். இக்குறை மிகுந்திருந்த வடபகுதியில், கருவுறுமுன் தொடங்கி உண்டோரிடையே, ஆயிரத்துக்கு 4.8 என்றிருந்தது 1.0 ஆகக் குறைந்தது. 1999-இல் வெளியான முடிவு இது. அங்கும் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பெண்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

முழுக் காப்பு அன்று. அதையும் சொல்லிவிட வேண்டும். மாத்திரையை ஒழுங்காக உண்டவர்க்கும் சிலபோது இக்குறை நேர்வதுண்டு. வேறு காரணங்களும் உள்ளன. எனவே, நேற்றுவரை கிரகணத்தைச் சொல்லித் தாயைப் பழித்த நாக்கு, நாளை முதல் "மாத்திரை தின்னாததால் வந்தது" என்று பழிக்கத் தொடங்குமாயின், நாம் இங்குப் பேசியது வீணினும் கேடு. அறியாமல் விட்டது அவள் குற்றமன்று. அறிந்தும் அவளுக்குச் சொல்லாமலிருந்த நாமே வெட்கப்பட வேண்டியவர்கள்.

இனி, எவ்வளவு, எப்போது என்பது. கருவுறக்கூடிய நாட்களுக்கு முன் தொடங்கி, கருவுற்ற பன்னிரண்டு வாரம் வரை, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். உலக நலவாழ்வு நிறுவனமும் இதையே கூறுகிறது. நம் நாட்டில் 2018-இல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்ட விதிகளிலும் இதுவே உள்ளது. நான்காம் மாதம் முதல் அரசு கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. அதனை 180 நாட்களும், பேற்றுக்குப் பின் மேலும் 180 நாட்களும் உண்ண வேண்டும். அது இரத்தத்திற்கு. முதலிற் சொன்னது முதுகெலும்புக்கு. இரண்டையும் ஒன்றாக எண்ணி, "நர்ஸம்மா கொடுக்கும்போது சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுவதே நம் வீடுகளில் நடக்கும் பிழை. பள்ளியில் நம் பெண் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரையும் நல்லதே. ஆயினும் வாரத்துக்கு ஒன்று, நாள்தோறும் ஒன்றுக்கு ஈடாகாது.

மருந்துக் கடையில் ஃபோலிக் அமிலம் என்று கேட்டால் பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரையே கைக்கு வரும். அது 400 மைக்ரோகிராமைப் போல் பன்னிரண்டரை மடங்கு. படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அட்டையைத் திருப்பி அளவைப் படியுங்கள். முன்பு இக்குறையுள்ள குழந்தையைப் பெற்றவர், கணவன் மனைவி இருவருள் ஒருவர்க்கு இக்குறை உள்ளவர், வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர், நீரிழிவு உள்ளவர் ஆகியோர்க்கு மருத்துவர் கூடுதல் அளவை எழுதித் தருவார். கருவுறும் எண்ணம் எழுந்ததுமே அவரிடம் போக வேண்டும். வலிப்பு மருந்தை அஞ்சித் தாமாக நிறுத்துதல் பேராபத்து. அதனை ஒருபோதும் செய்யலாகாது.

எப்போது தொடங்குவது என்று நாள் பார்ப்போர்க்கு நாம் ஒரு நாளைச் சொல்கிறோம்: நிச்சயதாம்பூலம் மாற்றும் நாள். நம் வீடுகளில் திருமணம் முடிந்த சில மாதங்களிலேயே பெண் கருவுறுவது வழக்கம். திட்டமிட்டுக் கருவுறுவோர் சிலரே. எனவே நிச்சயம் ஆன அன்றே தொடங்கினால், முகூர்த்த நாளுக்குள் உடம்பில் நிறைந்துவிடும். பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட விரும்பும் இணையர் தாராளமாகத் தள்ளிப்போடட்டும். படிக்கிற பெண் படிப்பை முடிக்கட்டும். தள்ளிப்போட்டதை நிறுத்த எண்ணும் நாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு தொடங்கினால் போதும்.

நம் தெருக்களில் இதற்கு எதிராக எழும் பேச்சுகளை நாம் அறிவோம். "இன்னும் உண்டாகவே இல்லை, அதற்குள் மாத்திரையா? பெண்ணுக்கு ஏதோ குறை" என்பார்கள். "அது குழந்தை தங்காமல் செய்யும் மாத்திரை" என்பாரும் உண்டு. பின்னர், இரும்பு மாத்திரையைக் கண்டால், "பிள்ளை பெருத்துவிடும், சுகப்பிரசவம் ஆகாது" என்பர். எல்லாவற்றிலும் வேடிக்கை, "பிள்ளை கறுத்துவிடும்" என்பது. கறுப்பு என்ன பழியா? பிள்ளை சிவக்க வேண்டும் என்று கடன் வாங்கிக் குங்குமப்பூ வாங்குகிறோம். இலவசமாகக் கொடுத்த மாத்திரையைக் கூரையில் செருகி வைக்கிறோம். இரும்பு மாத்திரையால் கறுப்பது மலம் மட்டுமே, அதனால் தீங்கில்லை. குமட்டினால் இரவு உணவுக்குப் பின் உண்ணலாம். தேநீரோடும் பாலோடும் சேர்த்து உண்ணாமல், நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ உடன் கொண்டால் இரும்பு நன்கு சேரும்.

"கீரை தின்று பிள்ளை பெற்றவர்கள்தானே நம் பாட்டிமார்" என்று பெரியவர்கள் கேட்பது நியாயமே. முருங்கைக்கீரை, அரைக்கீரை, பச்சைப்பயறு, உளுந்து, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, வேர்க்கடலை ஆகியவற்றில் இச்சத்து உண்டு. ஆனால் இது நீரில் கரைவது, சூட்டில் அழிவது. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி அந்நீரோடு போய்விடும். உணவிலுள்ளதைக் காட்டிலும் மாத்திரையிலுள்ளதை உடல் நன்றாக ஏற்கிறது என்பதும் ஆய்ந்து கண்டது. அதற்கும் மேலாக, ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்ணும் பெண்ணிடம் கீரையின் பெருமை பேசுவதில் பொருள் இல்லை. நம் மக்கள் உண்ட ஈரலை ஊரார் இழிவாகப் பேசினர். அந்த ஈரல் இச்சத்து மிக நிறைந்த உணவு என்பது அறிவியல். நாம் அதில் பெருமை கொள்ளலாம். ஆயினும் கருவுற்ற காலத்தில் ஈரலைத் தவிர்ப்பதே நன்று. அதில் வைட்டமின் 'ஏ' மிகுதி. அளவு மிஞ்சினால் அது கருவுக்கே தீங்கு செய்யும். வேறு நாட்களில் உண்ணுங்கள்.

நம் மாநிலத்தில் கருவுற்ற பெண் பன்னிரண்டு வாரத்துக்குள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று கூறுகின்றனர். மகப்பேற்று உதவித் தொகைக்கும் அது வேண்டும். நல்ல ஏற்பாடு. கிராமச் சுகாதாரச் செவிலியர் வெயிலில் நடந்து வீடு வீடாக வருவதை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் முன்பு சொன்ன பெண்ணின் கணக்கை மீண்டும் எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு வாரம் என்பது ஆனி 20-க்கு மேல். நரம்புக் குழல் மூடும் நாள் வைகாசி 12. பதிவேடு திறப்பதற்கு முன்னரே அந்நாள் போய்விடுகிறது. திருமணமாகாத பெண்ணின் வீட்டுக்கும், நேற்று மணமாகி வந்த பெண்ணின் வீட்டுக்கும் "இதைத் தொடங்கிவிட்டாயா அம்மா?" என்று கேட்டு வருவோர் நம் தெருக்களில் இல்லை. விதியில் உள்ளது வீட்டுக்கு வரவில்லை. இந்த இடைவெளியில்தான் நம் கழகத்துக்கு வேலை இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் 100-க்கு 52.2 பேர் இரத்தசோகை உடையவர்கள். அவர்களுள் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு அடுக்களையைப் பார்த்தே அறியலாம்.

இளைஞர்களே, இதுவரை கேட்டதைப் பெண்கள் செய்தி என்று நீங்கள் ஒதுக்கியிருந்தால், இனியேனும் காது கொடுங்கள். புதுப்பெண் தானாகச் சென்று மாத்திரை வாங்கினால் ஊர் பேசும். கணவன் வாங்கி வந்தால் பேசாது. நாம் முதலிற் சொன்ன அத்தாய்க்கு மூன்றாவது குழந்தை வேண்டுமென்ற ஆசையும் அச்சமும் ஒருசேர இருந்தன. மருத்துவர் கூடுதல் அளவு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அவள் கணவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். மாதந்தோறும் கூலி வாங்கிய அன்றே நகரத்துக்குப் பேருந்தேறி, அட்டையை வாங்கி வந்து, யார் கண்ணிலும் படாமல் அரிசிப் பானைக்குள் வைப்பார். மூன்று மாதம் முன்னரே தொடங்கி, கருவுற்ற பின்னும் மூன்று மாதம். இரவு உணவுக்குப் பின் "தின்னாச்சா?" என்று ஒரு சொல். அந்தப் பெண் குழந்தை இப்போது நடக்கிறது. மாத்திரை இல்லாமலும் அது நலமாகவே பிறந்திருக்கலாம், எவர் கண்டார்? ஆனால் அந்த ஒன்பது மாதமும் அத்தாய் கிரகணத்தை எண்ணி நடுங்கவில்லை என்று நம்மிடம் சொன்னாள்.

நம் கழகச் செயலர் ஒரு துண்டுத்தாள் அச்சிட்டு வைத்திருக்கிறார். எந்த அளவு, எப்போது தொடங்குவது, யார் மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பன மட்டும் அதில் உள்ளன. உறுப்பினர் வீட்டுத் திருமண அழைப்பிதழைக் கழகத்தில் கொடுத்துச் செல்வது நம் வழக்கம். இனி அழைப்பிதழ் கொடுப்போர், வாசல் மேசையில் உள்ள தாள்களில் இரண்டு எடுத்துச் செல்லுங்கள்: பெண் வீட்டுக்கு ஒன்று, பிள்ளை வீட்டுக்கு ஒன்று. எழுத்தறியாதார் வீட்டில் நம் விடுதி மாணவியர் சென்று படித்துக் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றனர். ஐயம் கேட்க விரும்பும் பெண்கள் மேடைக்கு வர வேண்டா. பின்கட்டு அறையில் செவிலியர் பயிற்சி பெற்ற நம் சகோதரி ஒருவர் மாலை ஆறு மணி வரை இருப்பார். ஆண்கள் கேட்க விரும்பினால் நாம் இங்கேயே இருக்கிறோம்.